பழைய குடியிருப்புக்கு ஸ்வெட்டர் போடுவது எப்படி?

குளிர்ப் பிரதேசத்தில் அறுபது வருஷத்துக்கு முன் கட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. படுக்கையறையின் வெளிச்சுவரை ஒட்டி ஒரு துணி அலமாரி. அதை நகர்த்திப் பார்த்தால் பின்னால் சுவர் கறுத்துக் கிடக்கிறது. பூஞ்சை. துடைத்தால் போகிறது, மூன்று வாரத்தில் திரும்பி வருகிறது. குடியிருப்பவர் நிர்வாகத்திடம் புகார் கொடுக்கிறார். "ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஈரத்துணியை உள்ளே உலர்த்தாதீர்கள்" என்று பதில் வருகிறது. ஜன்னலைத் திறந்தால் ஹீட்டருக்குக் கொடுத்த காசு வெளியே போகிறது. மூடினால் பூஞ்சை.

அந்தச் சுவர் ஏன் கறுக்கிறது என்று புரிந்துகொண்டால், "ரெட்ரோஃபிட்" என்று பொறியாளர்களும் அரசாங்கங்களும் பேசும் விஷயத்தில் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதி, அந்த வீட்டுக்கு யார் சொந்தக்காரர், அதில் யார் குடியிருக்கிறார் என்பதில் இருக்கிறது.

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம். ஏற்கெனவே கட்டிக் குடியேறிய கட்டடத்தில், கட்டும்போது இல்லாத ஒன்றைப் பிற்பாடு சேர்ப்பதுதான் ரெட்ரோஃபிட். இங்கே அதற்குப் பொருள், எரிசக்திச் செலவும் கார்பன் வெளியீடும் குறையும்படி சுவர், கூரை, ஜன்னல், காற்றோட்டம், சூடேற்றும் கருவி ஆகியவற்றைத் திருத்துவது. பெயின்ட் அடிப்பதும் சமையலறையைப் புதுப்பிப்பதும் இதில் சேராது. ஆனால் கெட்டிக்கார நிர்வாகம் எல்லாவற்றையும் ஒரே சாரம் கட்டி முடித்துக்கொள்ளும்.

சமூக வீடுகள் என்பவை, அரசோ நகராட்சியோ லாப நோக்கமில்லாத வீட்டுவசதி அமைப்போ சொந்தமாக வைத்திருந்து, சந்தையைவிடக் குறைந்த வாடகைக்கு விடுபவை. நெதர்லாந்தில் மொத்த வீடுகளில் ஏறக்குறைய 30 சதவீதம் இந்த வகை. இங்கிலாந்தில் ஆறு குடும்பங்களில் ஒன்று இப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறது. வியன்னா நகராட்சிக்கு மட்டும் சுமார் 2,20,000 வீடுகள் சொந்தம்.

ரெட்ரோஃபிட் பேச்சு வந்தாலே இந்த வீடுகள் முன்னால் வந்து நிற்பதற்குக் காரணம் எளிது. தனியார் வீடு ஆயிரத்தைத் திருத்த வேண்டும் என்றால் ஆயிரம் பேரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். இங்கே ஆயிரம் வீட்டுக்கும் சொந்தக்காரர் ஒருவரே. அதுவும் ஒரே அச்சில் வார்த்த வீடுகள். ஒன்றில் கற்றுக்கொண்டது அடுத்த வீட்டுக்கும் பொருந்தும். இரண்டாவது காரணம், இங்கே இருப்பவர்களில் பலருக்கு எரிசக்திக் கட்டணம் வருமானத்தில் பெரிய துண்டு.

மூன்றாவதாக, அந்த வீடுகள் பிறந்த காலம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பா முழுக்க வீட்டுப் பஞ்சம். 1950, 60களில் கான்கிரீட் பலகைகளை ஆலையில் வார்த்து, கிரேனால் தூக்கி அடுக்கி, வேகவேகமாகக் கட்டினார்கள். எரிபொருள் மலிவாக இருந்தது. சுவரில் வெப்பக்காப்பு இருக்கிறதா என்று கேட்பாரில்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகுதான் பல நாடுகளின் கட்டட விதிகள் இதைக் கண்டிப்பாகக் கேட்கத் தொடங்கின.

சுவர் வழியே எவ்வளவு போகிறது?

வெப்பம் வீட்டை விட்டு வெளியேற இரண்டு வழிதான். ஒன்று, சுவர், கூரை, தரை, கண்ணாடி ஆகியவற்றின் ஊடே கடந்து போவது. மற்றொன்று, சந்து பொந்து வழியாகக் காற்றோடு போவது. ஹீட்டரை மாற்றாமல் முதலில் இந்த இரண்டையும் அடைக்க வேண்டும் என்று வல்லுநர்கள் சொல்வது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்காதே என்பதுதான்.

முதல் வழியை அளக்க யு-மதிப்பு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். உள்ளேயும் வெளியேயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் சுவர் வழியே எத்தனை வாட் வெப்பம் போகும் என்பதே அது. எண் சிறியதாக இருந்தால் நல்லது. இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டால் இன்சுலேஷன், அதாவது வெப்பக்காப்பு, பற்றி வேறு விளம்பரம் எதுவும் தேவைப்படாது.

சுமார் 22 செ.மீ. தடிமனுள்ள வெறும் செங்கல் சுவர். அதன் யு-மதிப்பு ஏறத்தாழ 2. வீட்டின் வெளிச்சுவர் 50 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெளியே 0 டிகிரி, உள்ளே 20. அப்போது 2 × 50 × 20 = 2,000 வாட். அதாவது இரண்டு கிலோவாட் ரூம் ஹீட்டர் ஒன்று, சுவர் வழியே போவதை ஈடுகட்ட மட்டுமே ராத்திரி பகலாக எரிய வேண்டும். நாளொன்றுக்கு 48 யூனிட். ஜன்னல், கூரை, தரைக் கணக்கெல்லாம் இதற்கு மேல்.

அந்தச் சுவரின் மேல் 10 செ.மீ. மினரல் வூல், அதாவது கனிமக் கம்பளிப் பலகை ஒட்டினால் யு-மதிப்பு சுமார் 0.3 ஆக இறங்கும். அதே குளிரில் இழப்பு 300 வாட். நாளுக்கு ஏழு யூனிட் சொச்சம். சரி, இன்னும் 10 செ.மீ. சேர்த்தால்? சுமார் 165 வாட். முதல் 10 செ.மீ. 1,700 வாட்டை மிச்சப்படுத்தியது, அடுத்த 10 செ.மீ. 135 வாட்டைத்தான். "எவ்வளவு தடிமனோ அவ்வளவு நல்லது" என்று ஒருவர் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டலாம். ஓர் அளவுக்கு மேல் அந்தப் பணத்தை ஜன்னலிலோ கூரையிலோ போடுவது புத்திசாலித்தனம்.

வெப்பக்காப்பை எங்கே வைப்பது என்பதில் மூன்று வழிகள் உண்டு. இரட்டைச் சுவராக இருந்து நடுவில் வெற்றிடம் இருந்தால், சிறு துளைகள் போட்டுக் கம்பளியையோ மணிகளையோ ஊதி நிரப்பிவிடலாம். மலிவு, ஒரு நாள் வேலை. வெற்றிடம் இல்லாத சுவருக்கு வெளிப்புறமாகப் போர்த்தலாம். தலைப்பில் சொன்ன ஸ்வெட்டர் இதுதான். குடியிருப்பவரின் அறையைத் தொட வேண்டியதில்லை, சுவரே கதகதப்பான பக்கத்துக்கு வந்துவிடும். முகப்பைக் கெடுக்கக் கூடாத பாரம்பரியக் கட்டடங்களில் உட்புறமாக ஒட்டுவார்கள். அதில் அறை சிறுக்கும், பிளக் பாயின்ட்டையெல்லாம் பெயர்க்க வேண்டும், அப்புறம் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. வெளிச்சுவர் முன்னைவிட இன்னும் குளிர்ந்து போவதால், இன்சுலேஷனுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஈரம் கோத்துக்கொள்ளும். வேறு வழி இருந்தால் உட்புற வழியைத் தொடாமல் இருப்பது நல்லது என்பது என் கட்சி.

எந்த வழியில் போர்த்தினாலும் எங்காவது ஒரு கிழிசல் இருக்கும். அறையின் கான்கிரீட் தளம் அப்படியே நீண்டு பால்கனியாக வெளியே நிற்கிறதல்லவா, அது வெப்பத்தை உள்ளிருந்து வெளியே கடத்தும் பாலம். பொறியாளர்கள் அதை "தர்மல் பிரிட்ஜ்" என்றே சொல்கிறார்கள். ஜன்னல் சட்டத்தின் ஓரம், கூரையும் சுவரும் சேரும் இடம், இவையும் அதே ஜாதி. மற்ற இடம் எல்லாம் கதகதப்பாகி இது மட்டும் குளிர்ந்தே இருந்தால், வீட்டின் ஈரம் முழுக்க அந்த இடத்தைத் தேடிப் போகும்.

மறுபடியும் அலமாரிக்குப் பின்னால்

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் சூட்டைப் பொறுத்தது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீரைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம்தான். நாலு பேர் உள்ள குடும்பம் மூச்சு, சமையல், குளியல், துணி உலர்த்தல் என்று ஒரு நாளைக்கு வீட்டுக் காற்றில் சேர்க்கும் ஈரம் சுமார் 10 லிட்டர் வரை போகும். இதில் யார் தவறும் இல்லை. வாழ்வதென்றால் ஈரம் வரத்தான் செய்யும்.

அறையின் நடுவில் அந்தக் காற்று நன்றாகத்தான் இருக்கிறது. அலமாரிக்குப் பின்னால் நுழைந்ததும் கதை மாறுகிறது. அங்கே காற்று அசைவதில்லை, ஹீட்டரின் சூடும் எட்டுவதில்லை, சுவரோ வெளிக்குளிரில் உறைந்து கிடக்கிறது. சுவரைத் தொட்ட காற்று குளிர்கிறது, தாங்க முடியாத ஈரத்தை அங்கேயே விட்டுவிடுகிறது. சொட்டுச் சொட்டாக நீர் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. சுவரின் பரப்பையொட்டிய ஈரப்பதம் 80 சதவீதத்தில் சில நாள் நின்றாலே பூஞ்சைக்கு அது போதும்.

ஆக, அந்தக் கறுப்புக்கு மூன்று காரணம் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது: குளிர்ந்த சுவர், அதிக ஈரம், நகராத காற்று. நிர்வாகம் அனுப்பிய பதில் மூன்றில் ஒன்றை மட்டும், அதுவும் குடியிருப்பவரின் செலவில், சரிசெய்யச் சொல்கிறது.

இதையே தலைகீழாகவும் பார்க்க வேண்டும். பழைய வீட்டின் சந்து பொந்துகள்தான் அதுவரை காற்றோட்டம். புது ஜன்னல் வைத்து, விரிசல் எல்லாம் அடைத்து, காற்று போய்வர வேறு வழி செய்யாமல் விட்டால், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பில் குறையும், பூஞ்சை கூடும். அரைகுறை ரெட்ரோஃபிட்டில் அடிக்கடி நடக்கும் கூத்து இது.

காற்றுக் கசிவை அளக்கும் சோதனையை ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும். வாசல் கதவைத் திறந்துவைத்து, அந்த இடத்தில் துணித் திரை கட்டிய சட்டத்தைப் பொருத்துகிறார்கள். திரையின் நடுவில் ஒரு பெரிய மின்விசிறி. அது வீட்டுக் காற்றை வெளியே உறிஞ்ச, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் வருகிறது. அப்போது வீட்டைச் சுற்றி நடந்தால் ஓட்டைகள் எல்லாம் தாமாகவே பேசும். பிளக் பாயின்ட்டில் கையை வைத்தால் சில்லென்று காற்று அடிக்கும். கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் விசில் சத்தம் கேட்கும். பரண் மூடிப் பலகை லேசாகத் துள்ளும். சிலர் புகைப் பென்சிலைக் கொண்டுபோய், புகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அங்கே சாக்பீஸால் குறி போட்டுவிடுவார்கள்.

ஓட்டைகளை அடைத்த பிறகு காற்றுக்கு முறையான வழி வேண்டும். எளிய ஏற்பாடு, குளியலறையிலும் சமையலறையிலும் ஓயாமல் மெல்ல ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன், அறை ஜன்னல்களின் மேல் சிறு காற்றுப் பிளவு. இன்னும் நல்ல ஏற்பாடு, வெளியே போகும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் கருவி. இரண்டு காற்றும் கலப்பதில்லை, மெல்லிய தகடுகளின் இரு பக்கமாக ஓடிச் சூட்டை மட்டும் பரிமாறிக்கொள்கின்றன. இதில் ஃபில்டரை யார் மாற்றுவது என்று முதல் நாளே முடிவு செய்யாவிட்டால், இரண்டு வருஷத்தில் கருவி வெறும் பெட்டியாகிவிடும்.

கெட்டுப்போனவையும் பாடமும்

இங்கிலாந்தில் பிரெஸ்டன் நகரத்தின் ஃபிஷ்விக் பகுதியில் 2012–13 வாக்கில் 300-க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அரசுத் திட்டம் ஒன்றின்கீழ் வெளிப்புற இன்சுலேஷன் போட்டார்கள். மழை அதிகமுள்ள ஊர். கூரை விளிம்பு, ஜன்னல் ஓரம், குழாய் இடுக்கு ஆகிய இடங்களில் வேலை சரியில்லாததால் மழைநீர் உள்ளே இறங்கி, சுவருக்கும் போர்வைக்கும் நடுவில் தேங்கிவிட்டது. போர்வை போட்ட வீடுகளில் சுவர் நனைந்து, பிளாஸ்டர் உதிர்ந்து, பூஞ்சை படர்ந்தது. இத்தனைக்கும் அங்கே ஒட்டியது நான் மேலே புகழ்ந்த அதே வெளிப்புற வழிதான். பலகை ஒட்டுவதை யாரும் செய்துவிடலாம். ஓரங்களைச் செய்வதில்தான் வேலையே இருக்கிறது.

இது போன்ற அனுபவங்களுக்குப் பிறகு, 2019-இல் பாஸ் 2035 என்ற நடைமுறைத் தரம் பிரிட்டனில் வெளியானது. வீட்டை முழுதாக ஆராயாமல் எதையும் ஒட்டக் கூடாது, காற்றோட்டத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும், ஆரம்பம் முதல் முடிவு வரை பொறுப்பேற்க ஓர் ஒருங்கிணைப்பாளர் வேண்டும், வேலை முடிந்த பிறகும் சோதிக்க வேண்டும் என்கிறது அது. படிக்க அலுப்பான ஆவணம்தான். இருந்தாலும் அதன் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் எங்கோ ஒரு நனைந்த சுவர் இருக்கிறது.

எல்லாவற்றிலும் கொடியது லண்டனின் கிரென்ஃபெல் டவர். 1970களில் கட்டிய 24 மாடிச் சமூகக் குடியிருப்பு. 2016-இல் முடிந்த புதுப்பிப்பில் வெளிப்புறம் இன்சுலேஷனும் அதன் மேல் அலுமினியக் கலப்புத் தகடுகளும் பொருத்தினார்கள். தகடுகளின் நடுவில் எரியக்கூடிய பாலிஎதிலீன். 2017 ஜூன் 14 அதிகாலையில் ஒரு சமையலறையில் பிடித்த தீ வெளிச்சுவர் வழியே கட்டடம் முழுதும் ஏறியது. 72 பேர் இறந்தார்கள். தீ அப்படிப் பரவியதற்கு முக்கியக் காரணம் அந்தத் தகடுகளே என்று விசாரணைக் குழு கண்டது. 2018 இறுதியில் இங்கிலாந்து, 18 மீட்டருக்கு மேல் உயரமான குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருள்களைத் தடை செய்தது. இன்று உயரக் கட்டடத்துக்கு எரியாத கனிமக் கம்பளியை முன்வைப்பதும், குடியிருப்பவர்கள் "இது தீப்பிடிக்குமா?" என்று முதலில் கேட்பதும் இதனால்தான். அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் தராத திட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

அப்புறம் ஹீட்டர்

போர்வை போட்டாயிற்று, சந்துகளை அடைத்தாயிற்று. இப்போது கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் வைக்கலாம். ஃபிரிஜ் உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறதே, அதைத் திருப்பிப் போட்ட மாதிரி இது. வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டைத் திரட்டி உள்ளே தள்ளும். சூட்டை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும்.

வரிசை ஏன் முக்கியம்? பழைய பாய்லர், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு 70 டிகிரித் தண்ணீர் அனுப்பும். ஹீட் பம்ப் 35 முதல் 50 டிகிரியில்தான் சிக்கனமாக ஓடும். ஒழுகும் வீட்டுக்கு அந்த இளஞ்சூடு போதாது. அதைச் சமாளிக்கப் பெரிய இயந்திரம் வாங்கி, அதையும் முறுக்கி ஓட்டினால், ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கு ஒன்றுக்கு இரண்டாகத் தேயும்.

கார்பன் கணக்கையும் போட்டுவிடலாம். இயற்கை எரிவாயுவில் ஒரு யூனிட் வெப்பம் எடுத்தால், பாய்லரின் இழப்பையும் சேர்த்து, சுமார் 0.2 கிலோ கார்பன் டைஆக்சைடு. மின்சாரத்தின் கார்பன் யூனிட்டுக்கு 0.2 கிலோ உள்ள நாட்டில் ஹீட் பம்ப் வைத்தால், அதை மூன்றால் வகுக்க வேண்டும். 0.07 வருகிறது. மூன்றில் ஒரு பங்கு. அதே கருவியை, நிலக்கரியையே நம்பி யூனிட்டுக்கு 0.8 கிலோ வெளியிடும் நாட்டில் வைத்தால் 0.27. கேஸைவிட மோசம். இரண்டும் சமமாகும் கோடு விழுவது 0.6 கிலோவில். மின்சாரம் வருஷாவருஷம் சுத்தமாகிக்கொண்டே போனால் இந்தக் கணக்கும் தானாக நல்லபடி மாறும், கேஸ் பாய்லருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆனால் கார்பன் குறைவதும் பில் குறைவதும் ஒன்றல்ல. மின்சாரத்தின் யூனிட் விலை கேஸைப்போல் நான்கு மடங்கு என்றால், மூன்று மடங்கு திறனுள்ள கருவி வைத்தும் குடியிருப்பவரின் பில் ஏறும். சுவரைப் போர்த்தாமல் கருவியை மட்டும் மாற்றும் திட்டங்கள் அறிக்கையில் அழகாகத் தெரியும், ஏழையின் பர்ஸில் கை வைக்கும்.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் உச்ச அளவுகோல், மிகக் குறைந்த சக்தியில் ஓடும் கட்டடங்களுக்குத் தரம் வகுக்கும் ஜெர்மனியின் பேசிவ் ஹவுஸ் நிறுவனத்தின் எனர்ஃபிட். பழைய கட்டடங்களுக்கென்றே வகுத்தது. மிதமான குளிருள்ள பகுதிகளில், சூடேற்றத்துக்கு வருஷத்துக்குச் சதுர மீட்டருக்கு 25 யூனிட்டுக்கு மேல் தேவைப்படக் கூடாது. புதுக் கட்டடத்துக்கு அதே நிறுவனம் கேட்பது 15. கனடாவில் ஹாமில்டன் நகரத்தின் கென் சோபில் டவர் இந்த அளவை எட்டியது. 1967-இல் கட்டிய 18 மாடி, முதியோருக்கான 146 வீடுகள், 2021-இல் வேலை முடிந்தது. ஒரு வீட்டைக் கடும் குளிரில் சூடாக்க மூன்று 100 வாட் குண்டு பல்புகளின் சக்தி போதும் என்கிறார்கள் அதை வடிவமைத்தவர்கள். ஒரு வசதி, வேலை நடந்தபோது கட்டடம் காலி.

ஆட்கள் உள்ளே இருக்கும்போது

எல்லா இடத்திலும் காலி செய்ய முடியாதே. பிரான்சின் போர்தோ நகரத்தில் கிராண் பார்க் என்னும் குடியிருப்பில் 1960களின் மூன்று நீளக் கட்டடங்கள், 530 வீடுகள். ஆன் லகாட்டோன், ஜான்-ஃபிலிப் வசால் ஆகியோர் மற்ற இரு கட்டடக் கலைஞர்களோடு சேர்ந்து போட்ட யோசனை, இடிக்கவும் வேண்டாம், யாரையும் வெளியேற்றவும் வேண்டாம். ஆலையில் செய்த கான்கிரீட் சட்டங்களைக் கட்டடத்துக்கு முன்னால் தனியாக நிறுத்தி, ஒவ்வொரு வீட்டுக்கும் 3.8 மீட்டர் ஆழமுள்ள கண்ணாடி முன்றில் ஒன்றைச் சேர்த்தார்கள். பழைய சிறு ஜன்னலை எடுத்துவிட்டு அங்கே கண்ணாடிக் கதவு. குளிர்காலத்தில் அந்த முன்றில் வெயிலைப் பிடித்து வைக்கும், கோடையில் திரையும் திறப்பும் உண்டு. ஒரு வீட்டுக்கான வேலை 12 முதல் 16 நாளில் முடிந்தது. 2019-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டடக்கலை விருதான மீஸ் வான் டெர் ரோ விருது இதற்குக் கிடைத்தது. ஸ்வெட்டர் கேட்டவருக்குக் கூடவே ஓர் அறையும் கிடைத்த கதை.

இடிக்காததில் கார்பன் லாபமும் உண்டு. கட்டடத்தின் கான்கிரீட்டும் இரும்பும் உற்பத்தியானபோதே அவற்றின் கார்பன் வெளியேறிவிட்டது. இடித்துப் புதிதாகக் கட்டினால் அந்தச் செலவை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். புது வீடு எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் அந்தக் கடனை அடைக்கவே பல வருஷம் பிடிக்கும்.

நெதர்லாந்தில் 2010 வாக்கில் தொடங்கிய எனர்ஜிஸ்ப்ராங் என்ற ரெட்ரோஃபிட் திட்டம் வேறு கோணம். வீட்டை லேசர் ஸ்கேனரால் அளந்து, ஜன்னலோடு சேர்த்து முழு முகப்பையும் ஆலையில் செய்து, லாரியில் கொண்டுவந்து மாட்டிவிடுவது. கூரையில் சோலார் தகடுகள். களவேலை பல வீடுகளில் ஒரு வாரம் பத்து நாளில் முடிந்தது. 2017-இல் நாட்டிங்ஹாமிலும் சில வீடுகளில் செய்தார்கள். இதில் எனக்குப் பிடித்த அம்சம் கட்டுமானம் அல்ல, பண ஏற்பாடு. வழக்கமாக வீட்டுச் சொந்தக்காரர் செலவு செய்வார், பில் குறைகிற லாபம் குடியிருப்பவருக்குப் போகும். அதனால் சொந்தக்காரருக்கு ஆர்வம் வராது. நெதர்லாந்து 2016-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி வீடு தனக்கு வேண்டிய சக்தியைத் தானே உற்பத்தி செய்கிற அளவுக்குத் திருந்தியிருந்தால், குறைந்துபோன மின் கட்டணத்துக்குப் பதிலாக ஒரு நிலையான தொகையைச் சொந்தக்காரர் வாங்கிக்கொள்ளலாம். வீடு சொன்னபடி நடக்கிறது என்று மீட்டரில் காட்ட வேண்டும்.

அந்த நாட்டிலேயே இன்னொரு விதியும் உண்டு. பத்தோ அதற்கு மேலோ வீடுகள் உள்ள குடியிருப்பில் 70 சதவீத வாடகைதாரர்களாவது ஒப்புக்கொண்டால்தான் புதுப்பிப்புத் திட்டம் நியாயமானது என்று கருதப்படும். ஆக, நிர்வாகம் வீடு வீடாகப் போய்ப் பேசித்தான் ஆக வேண்டும். பேசும்போதுதான் தெரியவரும்: மூன்றாம் மாடியில் ஒருவருக்கு இரவு வேலை, பகலில் தூங்க வேண்டும். ஐந்தாம் மாடியில் ஆக்சிஜன் கருவியோடு ஒரு பெரியவர், மின்சாரத்தைப் பத்து நிமிஷம்கூட நிறுத்த முடியாது.

இங்கிலாந்தில் சிக்கல் வேறு விதம். 1980 சட்டத்தால், வாடகைதாரர்கள் தாங்கள் இருந்த வீட்டையே தள்ளுபடியில் வாங்கிக்கொள்ள முடிந்தது. அதனால் இன்று ஒரே கட்டடத்தில் நகராட்சி வீடும் சொந்த வீடும் கலந்து கிடக்கின்றன. முழுக் கட்டடத்தையும் போர்த்தினால் சொந்தக்காரர்களுக்குப் பங்குச் செலவு பில்லாக வரும். சிலரால் கட்ட முடியாது. அவர்களை விட்டுவிட்டு நடு நடுவே ஓட்டை வைத்துப் போர்த்தவும் முடியாது.

கணக்கு சொன்னது ஒன்று, மீட்டர் சொல்வது ஒன்று

திட்டம் போடும்போது "இவ்வளவு மிச்சமாகும்" என்று ஓர் எண் சொல்வார்கள். பெரும்பாலும் அது வீட்டின் எரிசக்திச் சான்றிதழிலிருந்து வருவது, அந்தச் சான்றிதழோ அளந்து எழுதியதல்ல, கணக்குப் போட்டு எழுதியது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் ஜெர்மனியின் 3,400 வீடுகளைப் பார்த்தபோது, கணக்கு சொன்னதைவிடச் சராசரியாக 30 சதவீதம் குறைவாகவே மக்கள் சூடேற்றத்துக்குச் செலவழித்தது தெரிந்தது. வீடு எவ்வளவு மோசமோ இடைவெளி அவ்வளவு பெரியது. ஏனென்றால் ஒழுகும் வீட்டில் இருப்பவர் முழு வீட்டையும் சூடாக்குவதே இல்லை. ஓர் அறையில் ஹீட்டரைப் போட்டு, எல்லோரும் அங்கேயே முடங்கி, மீதி அறைகளைக் குளிரில் விட்டுவிடுகிறார்கள்.

ரெட்ரோஃபிட் முடிந்ததும் அவர்கள் செய்யும் முதல் காரியம் மற்ற அறைகளையும் சூடாக்குவது. மீட்டரில் மிச்சம் எதிர்பார்த்த அளவு தெரியாது. "திட்டம் தோற்றுவிட்டது" என்று ஓர் அதிகாரி எழுதக்கூடும். உலகச் சுகாதார நிறுவனம் குளிர்நாட்டு வீடுகளுக்குச் சொல்லும் குறைந்தபட்சம் 18 டிகிரி. ஒரு குழந்தையின் படிப்பறை 13-லிருந்து 18-க்கு வந்திருக்கிறது என்றால், அதை வீண் என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது? கார்பன் கணக்கு போடுபவர்கள் இந்த மாற்றத்தை முன்கூட்டியே சேர்த்துத்தான் எண்ணைச் சொல்ல வேண்டும், பின்னால் குடியிருப்பவர் தலையில் பழியைப் போடக் கூடாது.

கோடையைப் பற்றி ஒரு வார்த்தை. இறுக்கிப் போர்த்திய வீட்டில் வெயில் கண்ணாடி வழியே புகுந்துவிட்டால், வெளியேற வழி தேடித் தவிக்கும். உள்திரை போட்டுப் பயனில்லை, சூடு அதற்குள் வந்துவிட்டது. நிழல் கண்ணாடிக்கு வெளியே விழ வேண்டும். இரவில் பயமில்லாமல் திறந்து வைக்கக்கூடிய ஜன்னலும் வேண்டும். ஜன்னல் மாற்றும்போதே யோசித்தால் இது சின்னச் செலவு.

உங்கள் குடியிருப்பிலோ தெரிந்தவர் குடியிருப்பிலோ இப்படியொரு திட்டம் வந்து, கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போய் உட்காருங்கள். பளபளப்பான படங்களைப் பார்த்து முடித்த பிறகு, காற்றோட்டத்துக்கு என்ன ஏற்பாடு, பால்கனி ஓரத்தை எப்படி முடிப்பீர்கள், பொருள் எரியுமா, என் பில் ஏறினால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். சாரத்தைப் பிரித்த பிறகு அடுத்த குளிர்காலத்தில் யார் வந்து பார்ப்பார்கள் என்பதையும் தேதியோடு கேட்டு வாங்குங்கள். அப்படி ஒருவர் வந்தால் அவரை நேராகப் படுக்கையறைக்குக் கூட்டிப்போய், அலமாரியின் ஒரு முனையை அவரைப் பிடிக்கச் சொல்லுங்கள்.